சம்பளம் இல்லை, மைக் உண்டு!

இணைய வானொலி தொடங்க ஒரு மடிக்கணினி போதும். ஆறு மாதம் அதை நடத்த இருபது பேர் வேண்டும். யாழ்ப்பாணத்து நெல்லியடியில் அந்த இருபது பேர் யார்?

இரவு ஒன்பதேகால் மணி. முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்சில்லில் டைனமோ உரசிக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்து இரண்டு வயர்கள் திண்ணையில் இருக்கும் ரேடியோவுக்குப் போகின்றன. பெடலைக் கையால் சுற்றுவது வீட்டின் கடைக்குட்டி. கை சோர்ந்தால் லண்டனிலிருந்து வரும் குரல் அமுங்கிவிடும். "சுத்தடா, சுத்து!" என்று நாலு பக்கத்திலிருந்தும் அதட்டல் வரும். படலைக்குள் அயலட்டைச் சனம் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்கும். செய்தி முடிந்த பிறகுதான் பெடலுக்கு ஓய்வு.

போரால் 1990 முதல் ஆண்டுக்கணக்கில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. நெல்லியடி, கரவெட்டி, துன்னாலை, அல்வாய் என்று வடமராட்சி முழுவதும் அந்த ஆண்டுகளில் இப்படித்தான் செய்தி கேட்டது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் இதே பெடல்தான். சுற்றிய பிள்ளைக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அது கேட்கவும் இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். ஒலி கேட்க மட்டுமல்ல, ஒலிபரப்பவும் கையில் இருக்கும் போனே போதும். அதனால்தான் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி ஒரு அறிவித்தல் கண்ணில் படுகிறது: புதிய இணைய வானொலி, அறிவிப்பாளர்கள் தேவை, சம்பளம் கிடையாது, ஆர்வம் இருந்தால் போதும். இப்படித் தொடங்கும் வானொலிகளில் பல, ஒரு வருடம் திரும்புவதற்குள் நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு மட்டும் ஓடும் பெட்டிகளாகிவிடுகின்றன. தொழில்நுட்பம் காலை வாருவதால் அல்ல, ஆள் சேர்த்த விதத்தால்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பண்பலை நிலையம் என்றால் அலைவரிசை வேண்டும், கோபுரம் வேண்டும், ஒலிபரப்பி வேண்டும், கொழும்பில் படியேறி இறங்க வேண்டும். இணைய வானொலிக்கு இவை எதுவும் வேண்டாம். நெல்லியடியில் ஒரு அறையிலிருந்து ஒரே ஒரு ஒலி ஓடை சேர்வருக்குப் போகிறது. அதை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுப்பது சேர்வரின் வேலை. மென்பொருளில் பெரும்பகுதி இலவசம். ஆக, மிச்சப்பட்ட செலவெல்லாம் வேறொரு இடத்தில் வந்து குந்துகிறது: மனிதரின் நேரத்தில்.

கணக்குப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். முழுவதும் நேரலை என்பது கனவு. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று அடக்கமாகத் தொடங்கினாலும் வாரத்துக்கு 14 நிகழ்ச்சிகள், 28 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் பேச ஒருவர், கருவியைப் பார்க்க ஒருவர் என்றால் 28 முறைகள். ஒரு தொண்டர் வாரத்துக்கு இரண்டு முறை வருவார் என்று வைத்தால் 14 பேர். அதில் ஒருவருக்கு உயர்தரப் பரீட்சை, ஒருவர் வீட்டில் கலியாணம், ஒருவருக்குச் சந்நிதி கோயில் திருவிழாவில் கடமை. இருபதுக்குக் குறைந்தால் தாங்காது.

இந்த இருபதும் ஒலிபரப்பு நேரத்துக்கு மட்டும். நெல்லியடிச் சந்தையில் மரக்கறி விலை பற்றி ஒரு வியாபாரியிடம் ஐந்து நிமிடம் பேசி எடுத்து வருகிறோம் என்று வையுங்கள். பின்னால் 750 ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன். இடையில் யாரோ விலை கேட்கிறார்கள். அவர் பாதியில் தும்முகிறார். அதை வெட்டி ஒட்டி, ஒலி அளவைச் சமப்படுத்தி, திகதி போட்டுக் கோப்பாகச் சேமிக்கப் புதியவர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் கேட்பவர் காதில் விழுவதே இல்லை.

---
பெட்டிச் செய்தி: ஒரு மணி நேரம் கேட்க எவ்வளவு டேட்டா?

விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 28.8 மெகாபைட். 128 கிலோபிட் என்றால் இரட்டிப்பு, 57.6 மெகாபைட். பேச்சுக்கு 32 கிலோபிட்டே தாராளம், அப்போது 14.4 மெகாபைட்தான். ஒரே நேரத்தில் 100 பேர் 64 கிலோபிட்டில் கேட்டால் சேர்வரிலிருந்து விநாடிக்கு 6.4 மெகாபிட் வெளியே போக வேண்டும். டேட்டாவை எண்ணி எண்ணிப் போடும் வீடுகள் உள்ள ஊரில், ஒலித்தரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தொழில்நுட்ப முடிவு மட்டும் அல்ல.
---

எல்லாருக்கும் அறிவிப்பாளர் ஆசை

விண்ணப்பிக்க வரும் பத்துப் பேரில் அநேகமாகப் பத்துப் பேருக்கும் மைக்தான் வேண்டும். அதில் குற்றம் இல்லை. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று குரலால் மட்டுமே கடல் கடந்து அறியப்பட்டவர்களைத் தந்த நாடு இது. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது; நூறு வயது தாண்டிவிட்டது. அந்த நூறு வருடத்தின் கவர்ச்சி இன்றும் பதினெட்டு வயதுப் பிள்ளையை மைக்குக்கு முன்னால் இழுக்கிறது.

ஆனால் வானொலி நின்றுபோவது அறிவிப்பாளர் இல்லாமல் அல்ல. பாட்டுக் கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்க ஆள் இல்லை. பேட்டிக்கு வர ஒப்புக்கொண்டவருக்கு முதல் நாள் நினைவூட்ட ஆள் இல்லை. நள்ளிரவில் சேர்வர் நின்றால் எழும்பிப் பார்க்க ஆள் இல்லை. கணக்குப் புத்தகம் எழுத ஆள் இல்லவே இல்லை. அறிவிப்பாளர் வராத வேளையில் தானாகப் பாட்டுப் போடும் மென்பொருள் இருக்கிறது. அது முதலில் உதவிக்கு வருகிறது, பிறகு நிலையத்தையே எடுத்துக்கொள்கிறது. 'அறிவிப்பாளர் தேவை' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'சந்தை நிலவரம் பதிவு செய்ய ஒருவர், கிழமைக்கு மூன்று மணி நேரம்' என்று எழுதினால் வரும் கூட்டம் குறையும். வருபவர் நிற்பார்.

சினிமாப் பாட்டை நம்பி ஓடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டை ஒலிபரப்ப அது யாருக்கும் அனுமதி தரவில்லை. சம்பளம் வாங்காத பிள்ளை போட்டாலும் அதே சட்டம்தான். ஊர்க் கூத்தையும் பாடசாலை வில்லுப்பாட்டையும் உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிச் சொந்தமாகப் பதிவு செய்து வைத்திருக்கும் நிலையத்துக்கு இந்தத் தலையிடி பாதி குறையும். அதற்கும் ஆள் வேண்டும்.

'தொண்டர்' என்றால் பெற்றோர் யோசிப்பது ஏன்?

வடக்கில் ஒரு தாயிடம் போய், உங்கள் மகளைத் தொண்டராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி நியமனம் பற்றியதாகத்தான் இருக்கும். காரணம் இருக்கிறது. தொண்டர் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லாமலும் சில்லறைக் கொடுப்பனவோடும் படிப்பித்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததை யாழ்ப்பாணம் பல தடவை பார்த்துவிட்டது. சுகாதாரத் தொண்டர்களும் அப்படியே இருந்தார்கள். இங்கே சம்பளமில்லா வேலை என்பது சம்பள வேலைக்கான வரிசை. வரிசை நகராவிட்டால் இளமை போய்விடும் என்று குடும்பங்களுக்குத் தெரியும்.

அதனால் வானொலிக்கு ஆள் சேர்ப்பவர் முதல் நாளே உடைத்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இது நியமனம் ஆகாது. 'பிறகு பார்ப்போம்' என்ற சொல்லில்தான் எல்லாக் கசப்பும் தொடங்குகிறது. பஸ் காசையும் டேட்டாக் காசையும் நிலையம் கொடுக்க வேண்டும். அதைக் கூடக் கொடுக்க வழியில்லை என்றால், அந்த வானொலி இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துத் தொடங்கலாம் என்பது இந்தக் கட்டுரையாளரின் அபிப்பிராயம். மாலை நிகழ்ச்சி முடித்துக் குஞ்சர்கடைப் பக்கமோ கொடிகாமம் வீதியிலோ இருட்டில் வீடு திரும்ப வேண்டிய பெண் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதும் முதல் நாளே பேசப்பட வேண்டும். பேசாத நிலையங்களில் மூன்றாம் மாதம் ஆண் குரல்கள் மட்டுமே மிஞ்சும்.

கொத்மலை காட்டிய வழி

இணையத்தையும் வானொலியையும் முடிச்சுப் போட்டதில் இலங்கைக்கு உலகளவில் பெயர் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அது கொழும்பில் நடக்கவில்லை. மலையகத்தின் விளிம்பில், 1989 இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில் நடந்தது. 1990 களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இணைய இணைப்பு வந்தது. அப்போது கிராமத்தில் கணினி யாரிடமும் இல்லை. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விடையைத் தங்கள் மொழியில் ஒலிபரப்பில் விளங்கப்படுத்துவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களிலும் மக்கள் வந்து பயன்படுத்த இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன.

இதில் நெல்லியடிக்கு என்ன? அங்கே உள்ளூர் இளைஞர்கள் தொண்டர்களாக வந்ததற்கு மைக் மட்டும் காரணம் இல்லை. கணினி பழகலாம் என்பது பெரிய இழுப்பு. சம்பளம் கொடுக்க முடியாத இடம் ஒரு தொழிலையாவது கையில் கொடுத்து அனுப்பியது. இன்று கணினி அவ்வளவு அரிய பொருள் அல்ல. ஆனால் ஒலித்தொகுப்பு, எழுத்துப் பிரதி தயாரித்தல், நேர்காணல் எடுத்தல் இவற்றை ஒழுங்காகப் பழக வடமராட்சியில் ஒரு இடம் சொல்லுங்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கின்றன. அங்கே போக முடியாத பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு மாலை வகுப்பு நடத்தும் வானொலி, ஆள் தேடி அலைய வேண்டியிராது.

கொத்மலையின் குறையையும் சொல்ல வேண்டும். பெயர் சமூக வானொலி, நிருவாகம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில். ஊடக விமர்சகர்கள் இதை நெடுங்காலம் சுட்டிக்காட்டினார்கள். உழைப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்றால் தொண்டர் மனம் சலிக்கும். இணைய வானொலியில் அந்த 'இன்னொருவர்' பெரும்பாலும் பணம் அனுப்பும் வெளிநாட்டு உரிமையாளராக இருப்பார்.

---
பெட்டிச் செய்தி: காற்றிலிருந்து கம்பிக்கு

1941 மே: பிபிசி தமிழ் ஒலிபரப்பு தொடக்கம். சிற்றலைத் தமிழோசை 2017 ஏப்ரல் 30 உடன் ஓய்ந்தது.

1994 நவம்பர் 7: அமெரிக்காவின் சப்பல் ஹில் நகரில் மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்டது, முன்னோடி முயற்சிகளில் ஒன்று. நடத்தியவர்கள் மாணவர்கள்.

1997: லண்டனில் ஐபிசி தமிழ் வானொலி. அதே ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்மானித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இலேயே இதைச் சொல்லியிருந்தது.

2004 பெப்ரவரி 1: சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி, இந்தியாவின் முதலாவது.

2016: பாம்பனில் மீனவர்களுக்காக 'கடல் ஓசை'.
---

ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்

நெல்லியடியைச் சுற்றி ஊதியம் எதிர்பாராமல் பொது வேலை செய்யும் பழக்கம் புதிதல்ல. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம். காலையில் பேப்பர் வரும், வாங்குப் போட்டிருக்கும், தலைவரும் செயலாளரும் பொருளாளரும் சம்பளம் இல்லாமல் வருடாவருடம் தெரிவாவார்கள். கணக்கறிக்கை வாசிக்காமல் பொதுக்கூட்டம் கலையாது. வானொலிக்கு வேண்டிய நிருவாகப் பயிற்சி இங்கேதான் கிடக்கிறது. ஆனால் ஆள் சேர்ப்பவர்கள் முகநூலில் தேடுகிறார்கள்.

கலையிலும் அப்படித்தான். 1960 களின் கடைசியில் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த காலத்தில், 'கந்தன் கருணை' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன அம்பலத்தாடிகள் நெல்லியடிக்காரர்கள். என்.கே. ரகுநாதன் எழுதியதைக் கூத்தாக்கிச் சாதிக்கு எதிராக ஆடினார்கள். பக்கத்துக் கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, இளமையில் இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடர் நாடகத்தில் விதானையாராக நடித்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு வானொலிக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரல் தேர்வு வைக்கும் புதிய நிலையங்கள் பல, பிள்ளைகளிடம் சென்னைப் பண்பலையின் துள்ளலை எதிர்பார்க்கின்றன. "என்ரை", "உங்கடை" என்று வாய் தவறி வந்தால் மதிப்பெண் வெட்டு. செய்தி வாசிப்புக்குச் செந்தமிழ் வேண்டும், சரி. விவசாயியோடு பேசும்போது அல்வாய்ப் பிள்ளை அல்வாய்ப் பிள்ளையாகவே பேசட்டும். கரப்பந்தாட்டப் போட்டியில் மைக் பிடித்து இரவு முழுக்கக் களத்தைச் சூடாக வைத்திருக்கும் உள்ளூர் வர்ணனையாளருக்கு நேரலைப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டும் தம்பிக்கு எந்த வயர் எங்கே போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இவர்களில் யாரும் விண்ணப்பம் அனுப்பமாட்டார்கள். போய்க் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால் உத்தியோகத்தர்களையும் மறக்கக் கூடாது. காலை ஆறரை மணி நிகழ்ச்சிக்கு நேரம் தவறாமல் வந்து நிற்கப்போவது இருபது வயதுக்காரர் அல்ல, அவர்கள்தான்.

பிழை விட்டால் யார் பொறுப்பு?

அலைவரிசை தேவையில்லை என்பதால் சட்டமும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. செய்தி இணையத்தளங்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2011 நவம்பரிலேயே ஊடக அமைச்சு அறிவித்தது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பொய்யான கூற்றுகளை இணையத்தில் வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்கும் அந்தச் சட்டத்தைப் பத்திரிகையாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சட்டத்தைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், நடைமுறைக் கேள்வி இதுதான்: வட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலை உறுதிப்படுத்தாமல் வாசித்த பதினெட்டு வயதுத் தொண்டரை விசாரணைக்குக் கூப்பிட்டால், கூடப் போகப் போவது யார்? உரிமையாளர் லண்டனில். ஆசிரியர் என்று ஒருவரை நிலையம் நியமிக்கவே இல்லை.

வடக்கில் செய்தி சொல்வதன் ஆபத்து வெறும் பேச்சல்ல. பிபிசி தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஊரடங்கு நேரம் அது. அந்தக் காலம் போய்விட்டது என்றாலும், மண் கடத்தல், போதைப்பொருள், காணிப் பிணக்கு பற்றி மைக்கில் பேசும் பிள்ளை அதே ஊரில்தான் அடுத்த நாள் சைக்கிளில் போக வேண்டும். செய்தியைத் தொடுவதா இல்லையா என்று நிலையம் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டும். தொடுவதென்றால், ஒவ்வொரு செய்திப் பிரதியிலும் கையெழுத்திடும் பொறுப்பாசிரியர் ஒருவர் நெல்லியடியில் இருக்க வேண்டும்.

வானிலையும் அப்படித்தான். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடற்றொழிலாளருக்கு வானிலை அறிவித்தல் பொழுதுபோக்கு அல்ல. நேற்றைய அறிவித்தலை இன்று தவறுதலாக மறுபடி ஓடவிடும் தானியங்கி மென்பொருள், ஆபத்தானது. இந்த ஒரு நிகழ்ச்சிக்காவது ஆள் கட்டாயம்.

ரொறன்ரோவில் இரவு, கரவெட்டியில் காலை

வடமராட்சிக்காரர் பலர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். நெல்லியடியில் காலை 6.30 என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு. கோடையில் 9 மணி, குளிரில் 8. சிட்னியில் முற்பகல் 11 அல்லது நண்பகல். லண்டனில் மட்டும் எல்லோரும் தூங்கும் நேரம். வேலை முடிந்து வந்த ரொறன்ரோக்காரர் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே நெல்லியடியின் காலை நிகழ்ச்சிக்குக் கருவி பார்க்கலாம். பணத்தை விட இது பெரிய உதவி.

வெளிநாட்டில் தமிழ் வானொலி பல இடங்களில் தொண்டர்களால்தான் ஓடுகிறது. பிறிஸ்பேனின் 4ஈபி பல்லின வானொலியில் தமிழ் நிகழ்ச்சி நடத்துபவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு வருபவர்கள். அங்கே சம்பளத்துக்கு வேறு வழி இருக்கிறது, வானொலி விருப்பத்துக்கு. நெல்லியடிப் பிள்ளைக்கு அந்த 'வேறு வழி' இன்னும் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நாங்கள் சும்மாதானே செய்கிறோம் என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது நியாயம் இல்லை. 2005 இல் தன்னார்வலர்கள் கூடித் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். வேலை பெருகியதும் ஊதியம் பெறும் பணியாளர்களோடுதான் அது வளர்ந்தது.

இன்னொன்று, பயிற்றிய ஆட்களே கனடாவுக்கும் கொழும்புக்கும் போய்விடுவார்கள். இதற்கு மருந்து இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் பழக்கி வைப்பது ஒன்றுதான் வழி. கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் நிலையம், அவர் விமானம் ஏறும் நாளில் மூடப்படும்.

---
பெட்டிச் செய்தி: ஒரு தாளில் எழுத வேண்டியவை

கிழமைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்று முடிவுத் திகதியோடு. பஸ், டேட்டாச் செலவு எப்போது கிடைக்கும். பதிவு செய்த நிகழ்ச்சி யாருடைய சொத்து, விலகினால் பிரதி கொண்டுபோகலாமா. சட்டச் சிக்கல் வந்தால் பொறுப்பு யாருக்கு. கடைசியில் சேவைச் சான்றிதழ். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து. கையெழுத்து இரண்டு பக்கமும் விழ வேண்டும்.
---

முதல் காசு யாருக்கு?

இப்படி ஒரு வானொலிக்கு நிச்சயம் நேயர் கிடைக்கும் நிகழ்ச்சி எது என்று கேட்டால், தயங்காமல் சொல்லலாம்: மரண அறிவித்தல். இலங்கை வானொலியில் அந்த அறிவித்தலுக்காகவே ரேடியோவைத் திறந்த வீடுகள் உண்டு. இன்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வீதி வீதியாகச் சொல்கிறார்கள். இணையத்தளங்களில் படத்தோடு போடுகிறார்கள். துன்னாலையில் ஒருவர் காலமானால் சுவிஸில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பாரிஸில் இருக்கும் மருமக்களுக்கும் கிரியை நேரம் தெரிய வேண்டும். இந்தச் சேவைக்குக் குடும்பங்கள் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. ஒரு பெயர், ஒரு உறவுமுறை பிழைத்தாலும் ஊர் மன்னிக்காது என்பதால், வாசிப்பவருக்கு முன்னால் சரிபார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

காசு வரத் தொடங்கும் அந்த மாதம்தான் பரீட்சை. பணம் வாங்கும் நிலையம், எல்லோரையும் தொடர்ந்து சும்மா வேலை வாங்க முடியாது. எல்லோருக்கும் கொடுக்கவும் போதாது. வழக்கமாக அந்த முதல் காசு நன்கு அறியப்பட்ட குரலுக்குப் போகும். எங்களைக் கேட்டால், அந்த அறிவித்தலைச் சரிபார்த்தவருக்கும், நள்ளிரவில் எழும்பிச் சேர்வரைத் திரும்ப ஓட வைத்தவருக்கும் முதலில் கொடுங்கள். அறிவிப்பாளர் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார். அவருக்கு மைக் இருக்கிறது.